சிறு கடல்நீர்த் தொட்டியில் பவளம் வாடும்போது

சென்ற சித்திரை மாதத்தில் ஒரு நாள் மார்த்தாண்டத்திலிருந்து என் அக்காள் மகன் தொலைபேசியில் அழைத்தான். “மாமா, தொட்டியில பவளம் எல்லாம் சுருங்கிக் கெடக்கு. ரெண்டு நாளா விரியவே இல்ல. என்ன மருந்து ஊத்தணும்?” என்று கேட்டான். அவனுடைய தொட்டி 40 லிட்டர் நீர் கொள்வது. பொத்தான்களை நெருக்கி வைத்ததுபோல் கூட்டமாக வளரும் சோவாந்திட், காளான் பவளம், தடித்த தோல் போன்ற உடலுடைய லெதர் பவளம் ஆகிய மூன்று மென்பவளங்களும் இரண்டு கோமாளி மீன்களும் அதில் இருந்தன. எந்த மருந்தும் வேண்டாம், முதலில் நீரின் உப்பை அளந்து சொல் என்றேன். கடல்நீர்த் தொட்டிக்குப் புதியவர்கள் பலரும் அவனைப் போலவே நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் தேடித் தொடங்குகிறார்கள். சிறு தொட்டியில் பவளம் வாடும்போது பெரும்பாலும் கெட்டிருப்பது நீர்தான். பவளம் அதை நமக்குக் காட்டுகிறது. ஆகவே கடந்த இரண்டு வாரங்களில் தொட்டியில் எது மாறியது என்று தேடுவதே சரியான தொடக்கம் என்பதை இந்தக் கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

மென்பவளங்களை மட்டும் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. பாறையாக வளரும் கல் பவளங்கள் அனைத்தும், அவற்றோடு கருப்புப் பவளமும் விசிறிப் பவளமும், 2001ஆம் ஆண்டிலேயே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பே அவற்றுக்கும் உண்டு. கடலுக்குள் மூழ்கி எடுப்பது மட்டுமல்ல, வலையில் சிக்கிய துண்டை வாங்கி வந்து தொட்டியில் வைப்பதும் குற்றம். தொட்டிக்குள் அடுக்கும் பாறைக்கும் இறந்த பவளக் கல்லைத் தேடக் கூடாது. செயற்கையாகச் செய்த பீங்கான் பாறைகளே போதும். கன்னியாகுமரி போன்ற கடலோர மாவட்டத்தில் வாழும் நமக்கு இது கூடுதலாக நினைவிருக்க வேண்டும்.

பவளம் என்பது என்ன?

பார்ப்பதற்குச் செடி போலவோ கல் போலவோ தோன்றினாலும் பவளம் விலங்கினத்தைச் சேர்ந்தது. வாயும் அதைச் சுற்றிய உணர்கொம்புகளும் கொண்ட ‘பாலிப்’ எனப்படும் சிறு உயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டி வாழும் கூட்டத்தையே பவளம் என்கிறோம். நாம் வளர்க்கும் பெரும்பாலான வகைகளின் சதைக்குள் ஜூசாந்தெல்லே எனப்படும் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியைக் கொண்டு உணவு தயாரித்து அதில் பெரும்பகுதியைப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. பவளம் அவற்றுக்கு இடமும் தன் கழிவிலிருந்து உரமும் தருகிறது. வெப்பமோ ஒளியோ அளவுக்கு மிஞ்சும்போது இந்த உறவு முறிந்து, பவளம் நுண்பாசிகளை வெளியே தள்ளிவிடுகிறது. பழுப்பும் பச்சையுமாக இருந்த சதை அப்போது வெளிறிப்போகிறது. மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் கோடைக் கடல் சூடேறிப் பவளங்கள் பெருமளவில் வெளுத்தது இந்தக் காரணத்தால்தான். வெளுத்த பவளம் இறந்த பவளம் அன்று. சதை முழுமையாக இருக்கும்வரை அது பட்டினியில் இருக்கிறது, மீள முடியும். தொட்டி வைத்திருப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய வேறுபாடு இதுவே.

கடலில் ஒரு பகலுக்குள் உப்பும் வெப்பமும் பெரிதாக மாறுவதில்லை. 40 லிட்டர் தொட்டியிலோ, மின்விசிறி ஓடிய ஒரு மதியமும், பாறைக்குப் பின்னால் செத்துக் கிடக்கும் ஒரு நத்தையும் எல்லாவற்றையும் மாற்றிவிடப் போதுமானவை. மீன் நகர்ந்து ஒதுங்கும். பவளம் இருந்த இடத்திலேயே இருந்து சுருங்குவதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியாது.

தொட்டியும் ஓர் உப்பளமே

நாகர்கோவிலிலிருந்து புத்தளம், சாமித்தோப்பு வழியாகப் போகிறவர்கள் உப்பளப் பாத்திகளைப் பார்த்திருப்பார்கள். பாத்தியில் கடல்நீர் நிற்கிறது, வெயிலிலும் காற்றிலும் நீர் மட்டும் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. வீட்டுத் தொட்டியில் நடப்பதும் இதுவேதான். மட்டம் குறைந்தால், குறைந்தது நீர் மட்டுமே. உப்பு ஒரு துளியும் போகவில்லை. ஆகவே ஆவியான அளவை உப்பில்லாத தூய நீரால் ஈடுசெய்ய வேண்டும். என் அக்காள் மகன் இதை அறியாமல், கடல்நீர்த் தொட்டிதானே என்று நாள்தோறும் கடல்நீரையே ஊற்றி மட்டத்தைச் சரிசெய்து வந்திருக்கிறான்.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அப்படியானால் 40 லிட்டரில் 1,400 கிராம். சித்திரை வெயிலில், மேலே மின்விசிறி சுழலும் அறையில், அவனுடைய தொட்டி நாளுக்கு 700 மில்லிலிட்டர் வரை இழந்துகொண்டிருந்தது. அதே அளவு கடல்நீரை ஊற்றியபோதெல்லாம் கிட்டத்தட்ட 25 கிராம் உப்பு புதிதாகச் சேர்ந்தது. பத்தே நாளில் 250 கிராம் கூடி, ஆயிரத்துக்கு 35 பங்காக இருந்த உப்பு 41 பங்கைத் தாண்டிவிட்டது. ஒப்படர்த்தி அளவில் இது 1.026இலிருந்து 1.031ஆக உயர்ந்ததற்குச் சமம். பவளத்தின் உடல் தன்னைச் சுற்றியுள்ள நீரின் உப்போடு சமநிலையில் இருப்பது. வெளியே உப்பு ஏறினால் உள்ளிருக்கும் நீரை அது இழக்கிறது. அவன் கண்ட சுருக்கத்தின் பொருள் அதுதான்.

அளக்கும் கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெம்புகோல் முள் அசையும் மலிவான பிளாஸ்டிக் அளவியில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டாலே எண் தவறாகிவிடும். ஒரு துளி நீரில் ஒளி வளைவதைக் கொண்டு உப்பைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குவதே நல்லது. ஆனால் அதையும் 35 பங்கு உப்புள்ள சோதனைக் கரைசலைக் கொண்டு மாதம் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். தூய நீரில் சுழியம் காட்டுவதால் மட்டும் 35இல் சரியாகக் காட்டும் என்று நம்ப முடியாது.

ஏறிய உப்பை ஒரே நாளில் இறக்கக் கூடாது; பழகிப்போன கெடுதலை விட வேகமான திருத்தம் பவளத்தை அதிகம் தாக்கும். 41 பங்கு உப்புள்ள 40 லிட்டரிலிருந்து ஒரு லிட்டரை எடுத்துவிட்டுத் தூய நீரை ஊற்றினால் உப்பு ஏறத்தாழ ஒரு பங்கு இறங்கும். நாளுக்கு ஒரு முறை இவ்வாறு செய்தால் ஆறு நாளில் சரியாகிவிடும். ஆவியாகும் நீரை அதற்கு மேல் தனியாக ஈடுசெய்துகொண்டே வர வேண்டும்.

எந்த நீர், எந்த உப்பு?

தூய நீர் என்று நான் சொல்வது ஆர்.ஓ. எனப்படும் நுண்வடிகட்டிச் சவ்வையும், அதன்பின் எஞ்சிய உப்புகளைப் பிடிக்கும் டி.ஐ. பிசினையும் கடந்து, கரைந்த பொருள்களை அளக்கும் டி.டி.எஸ். அளவி சுழியம் காட்டும் நீரை. குடிநீருக்கென்று வீட்டில் மாட்டியிருக்கும் ஆர்.ஓ. கருவி சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்ப்பதால் அது போதாது. குழாய் நீரில் குளோரின் இருக்கும். கிணற்று நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இரும்பும் இருக்கக்கூடும்.

சமையல் உப்பையோ உப்பளத்துக் கல்லுப்பையோ கரைத்துக் கடல்நீர் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். முடியாது. பாத்தியில் நீர் சுண்டும்போது முதலில் கால்சியம் கார்பனேட்டும் பிறகு ஜிப்சமும் படிகின்றன. அடுத்துச் சோடியம் குளோரைடு விளைகிறது. மக்னீசியமும் பொட்டாசியமும் எஞ்சிய கசப்பு நீரோடு வெளியே விடப்படுகின்றன. கடல்நீரில் பவளத்துக்கு வேண்டியவற்றுள் பலவற்றை நீக்கிய பிறகு கிடைப்பதுதான் கல்லுப்பு. பவளத் தொட்டிக்கென்று விற்கும் கலவை உப்பே வேண்டும்.

கடலே வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க உப்பை ஏன் விலைக்கு வாங்க வேண்டும் என்ற கேள்வியும் நியாயமானதே. கடல்நீரைப் பயன்படுத்தலாம், ஆனால் இடமும் காலமும் பார்க்க வேண்டும். மணக்குடியில் பழையாறும் தேங்காய்ப்பட்டினத்தில் குழித்துறைத் தாமிரபரணியும் கடலில் சேர்கின்றன. மழைக்காலத்தில் அந்த முகத்துவாரங்களின் அக்கம்பக்கத்தில் நீர் உப்புக் குறைந்தும் சேறும் உரக்கழிவும் கலந்தும் இருக்கும். துறைமுகங்களுக்குள் படகு எண்ணெய் மிதக்கும். தென்மேற்குப் பருவமழையின்போது அலை மணலைக் கலக்கிவிடுகிறது. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் கரையிலிருந்து எடுக்கத் தகுந்த நாட்கள் நாம் நினைப்பதைவிடக் குறைவு. எடுத்தாலும் ஆழ்கடலுக்குச் செல்லும் படகுக்காரர்களிடம் சொல்லிக் கரைக்கு அப்பால் எடுத்து, நுண்துணியில் வடிகட்டி, மூடிய பாத்திரத்தில் இருட்டில் சில நாள் வைத்து, உப்பையும் அம்மோனியாவையும் அளந்தபின் ஊற்ற வேண்டும்.

வெப்பம்

24 முதல் 27 பாகை செல்சியஸ் வரை பவளத் தொட்டிக்கு ஏற்றது. பங்குனி, சித்திரையில் நம் ஊர் அறைகளே 31, 32 பாகையைத் தொடுகின்றன. விளக்கும் மோட்டாரும் அதன்மேல் ஒன்றிரண்டு பாகை ஏற்றும். மூடியைத் திறந்து நீர்ப்பரப்பின் மேல் சிறு விசிறியை ஓடவிட்டால், ஆவியாதலால் இரண்டு முதல் நான்கு பாகை வரை குறையும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும் மழைக்காலத்தில் இந்த வழி பாதிகூடப் பலிப்பதில்லை என்பதையும், விசிறி ஓடும் நாட்களில் நீர் இன்னும் வேகமாக ஆவியாகும் என்பதையும் மறக்கக் கூடாது. விளக்கை நண்பகலில் எரிக்காமல் மாலை நான்கிலிருந்து இரவு பன்னிரண்டு வரை எரிப்பது செலவில்லாத உதவி. பவளத்துக்குச் சூரியனின் நேரம் தேவையில்லை, நாள்தோறும் ஒரே நேரமாக இருந்தால் போதும். இவற்றாலும் 29க்குக் கீழே இறங்கவில்லை என்றால் நீரைக் குளிர்விக்கும் சிறு சில்லர் கருவி வாங்குவதைத் தவிர வழியில்லை. தொட்டியோடு சேர்த்து விற்கும் ஹீட்டரை நம் கடற்கரை ஊர்களில் மாட்டவே வேண்டாம் என்பது என் கருத்து. அதன் கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகி அணையாமல் நின்றுவிட்டால் ஓரிரவில் தொட்டி முழுவதும் அழிந்துவிடும்.

மின்தடையின்போது வெப்பத்தைவிட மூச்சுதான் முதல் ஆபத்து. நீரோட்டம் நின்ற சில மணி நேரத்தில் கரைந்த பிராணவாயு குறைந்துவிடும். மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றை எப்போதும் வீட்டில் வைத்திருக்க வேண்டும்.

பவளம் காட்டும் குறிகள்

உப்பும் வெப்பமும் சரியாக இருக்கின்றன என்று உறுதியான பிறகே பவளத்தை உற்றுப் பார்க்க வேண்டும். மேலே ஒளி படும் பக்கம் மட்டும் வெளுத்து, நிழல் பக்கம் நிறத்தோடு இருந்தால் ஒளி மிகுதி என்று கொள்ளலாம். புதிய எல்.இ.டி. விளக்கு மாட்டியவர்கள் தொட்டியில் இது அடிக்கடி நிகழ்கிறது. விளக்கைப் பாதி அளவில் தொடங்கி மூன்று நான்கு வாரங்களில் படிப்படியாக உயர்த்த வேண்டும். மாறாக, சோவாந்திட்டின் குட்டையான தண்டுகள் நீண்டு மேல்நோக்கி எட்டினால் அதற்கு ஒளி போதவில்லை. காளான் பவளம் மங்கிய ஒளியையும் மெல்லிய நீரோட்டத்தையும் விரும்புவது. அது ஒரு பக்கமாகச் சுருண்டு நின்றால் நீரோட்டத்தின் திசையை மாற்றிப் பார்க்கலாம்.

பவளம் முழுவதும் ஒரே சீராக வெளிறி, தொட்டிக் கண்ணாடியும் பாறையும் பளிச்சென்று பாசியே இல்லாமல் இருந்தால், அங்கே குறை சத்தில் இருக்கக்கூடும். சுத்தம் மிகுதியாகிப் பவளம் பட்டினி கிடக்கலாம் என்பது புதியவர்களுக்கு வியப்பாக இருக்கும். நைட்ரேட் லிட்டருக்கு 5 முதல் 10 மில்லிகிராமும், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 மில்லிகிராமும் இருப்பது நல்லது; இரண்டும் சுழியமானால் நுண்பாசிகளுக்கு உரமில்லை. இரண்டும் மிகுந்தால் பவளம் மங்கிய பழுப்பாகி, பச்சைப் பாசி சோவாந்திட்டின் இடுக்குகளில் ஏறி அதை விரியவிடாமல் செய்யும். அப்போது மீனுக்கு இடும் தீனியைக் குறைத்து, வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றி வர வேண்டும். கார்பனேட் காரத்தன்மை 8, 9 டி.கே.எச். (காரத்தன்மையை அளக்கும் அலகு) அளவில் நிலையாக இருப்பது போதும். மென்பவளம் மட்டும் உள்ள தொட்டியில் வாராந்திர நீர்மாற்றமே அதைக் காத்துவிடும். புட்டி மருந்துகளை ஊற்றி ஏற்றியிறக்க வேண்டிய தேவை அனேகமாக வராது.

லெதர் பவளத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதைப் பார்த்து அஞ்சாதவர் இல்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை அது தன் பாலிப்புகளை உள்ளிழுத்துக்கொண்டு, மெழுகு பூசியதுபோல் மினுமினுக்கும் படலத்தால் தன்னை மூடிக்கொண்டு, பல நாட்கள் செத்ததுபோல் நிற்கும். பிறகு அந்தப் படலம் உரிந்து போகும். மேலே படிந்த அழுக்கையும் பாசியையும் அது களையும் முறை அது. படலம் எளிதாகக் கழன்றுபோக நீரோட்டம் சற்று வேகமாகப் படும்படி வைப்பதே நாம் செய்ய வேண்டியது. சதை இளகி, பழுப்புக் கூழாகி, துர்நாற்றம் வீசினால் மட்டுமே அது அழுகல். அழுகிய பகுதியைத் தொட்டிக்கு வெளியே வைத்துக் கூரிய கத்தியால் வெட்டி எறிந்து, நல்ல சதையை மட்டும் திரும்ப வைக்க வேண்டும்.

இந்த லெதர் பவளம் தன் அண்டைப் பவளங்களை அடக்கும் வேதிப்பொருள்களையும் நீரில் விடுகிறது. சிறு தொட்டியில் அவை தேங்கும் என்பதால், வடிகட்டியில் செயலூட்டிய கரியை வைத்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. அந்தக் கரி கொசுமருந்தின் எச்சத்தையும் ஓரளவு பிடிக்கும். பூச்சிமருந்து தெளித்த அறையின் காற்றைக் காற்றுப் பம்பு உறிஞ்சி நேரே நீருக்குள் செலுத்துகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மீனின் வெண்புள்ளி நோய்க்கு விற்கும் செம்பு கலந்த மருந்தும் பவளத்துக்கு நஞ்சு; நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் மருந்திட வேண்டும்.

ஒரே ஒரு கூட்டம் மட்டும் வாடி மற்றவை நலமாக இருந்தால் நீரைக் குறைசொல்ல இடமில்லை. அங்கே பூச்சியைத் தேட வேண்டும். விளக்கணைந்து ஒரு மணி நேரம் கழித்துக் கைவிளக்கோடு பார்த்தால், சோவாந்திட்டைத் தின்று அதன் நிறத்தையே தானும் ஏற்றுக்கொள்ளும் ஓடில்லாத சிறு கடல் நத்தைகள் வெளியே வந்திருப்பதைக் காணலாம்.

அவற்றைக் கழுவி நீக்குவதற்காகச் சோவாந்திட்டை வெளியே எடுப்பவர்கள் கட்டாயம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. இந்த இனத்தின் சில வகைகளில் பாலிடாக்சின் என்னும் மிகக் கடுமையான நஞ்சு இருக்கிறது. கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் இல்லாமல் அதை வெட்டவோ சுரண்டவோ கூடாது. அது ஒட்டியிருக்கும் பாறையை எக்காரணம் கொண்டும் வெந்நீரில் கொதிக்க வைக்கக் கூடாது. கொதிநீரின் ஆவியோடு நஞ்சை முகர்ந்த குடும்பங்கள் மூச்சுத் திணறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. பாறையை அடுப்பில் ஏற்றிச் சுத்தம் செய்யலாம் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து கேட்காதீர்கள்.

வரிசையாகத் தேடுதல்

வெப்பம், உப்பு, அம்மோனியா, நைட்ரேட், பாஸ்பேட், காரத்தன்மை என்ற வரிசையில் அளப்பது என் வழக்கம். முதல் மூன்றும் மணிக்கணக்கில் கொல்லக்கூடியவை, பின் மூன்றும் வாரக்கணக்கில் வாட்டுபவை. அம்மோனியா சுழியத்துக்கு மேல் எதைக் காட்டினாலும் மீனையும் நத்தையையும் எண்ணிப் பார்த்து, இறந்ததை அகற்றி, கால் பங்கு நீரை உடனே மாற்ற வேண்டும். மற்ற குறைகளில் அவசரம் கூடாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திருத்தி, ஒரு வாரமாவது பொறுத்துப் பார்க்க வேண்டும். விளக்கைக் குறைத்து, உப்பைத் திருத்தி, பவளத்தையும் இடம் மாற்றிவிட்டால், அது விரிந்தாலும் எதனால் விரிந்தது என்று தெரியாது. விரியாவிட்டால் எது கெடுத்தது என்றும் தெரியாது. அளந்த எண்களைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். தொட்டியின் வெளிக்கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு நேராக நாடா ஒன்றை ஒட்டி, காலைதோறும் அந்தக் கோடு வரை தூய நீர் ஊற்றினால், இங்கே சொன்ன தொல்லைகளில் பாதி வரவே வராது.

மார்த்தாண்டத்துத் தொட்டியில் நாளுக்கு ஒரு லிட்டராக உப்பை இறக்கிய நான்காம் நாள் சோவாந்திட் அரைகுறையாக விரிந்தது. ஆறாம் நாள் காளான் பவளமும் தன் பழைய அகலத்துக்கு வந்தது. லெதர் பவளம் மட்டும் மூடியே நின்றதால் அவன் மறுபடி அழைத்து, இப்போதாவது மருந்து ஊற்றலாமா என்று கேட்டான். அதன் மேற்பரப்பைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன்; மெழுகுப் படலம் தெளிவாகத் தெரிந்தது. அலைவீசும் மோட்டாரை அதன் பக்கமாகச் சற்றுத் திருப்பிவைக்கச் சொன்னேன். பதினொன்றாம் நாள் காலையில் அந்தப் படலம் கந்தல்போல் உரிந்து வடிகட்டியில் சிக்கிக் கிடந்தது. அன்று மாலை விளக்கு எரிந்து ஒரு மணி நேரத்துக்குள் லெதர் பவளத்தின் தலை முழுவதும் பாலிப்புகள் நீண்டிருந்தன.